அண்ணன் தம்பி நிலம்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: அப்பா இறந்த பிறகு பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறேன். நிலத்தை அவரே உழுது பயிர் வைக்கிறார். பங்கு கேட்டால், "பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டது, உனக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார். உண்மையா? (மணப்பாறை வாசகர்)

பதில்: இல்லை தம்பி. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. நிலம் யாருக்குப் பாத்தியம் என்பதை அது மட்டும் முடிவு செய்யாது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் உங்கள் பங்கு உங்களுடையதுதான். அம்மாவும் சகோதரிகளும் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. பங்காளிகளில் ஒருவர் கையில் நிலம் இருந்தால் எல்லோருக்காகவும் அவர் வைத்திருப்பதாகத்தான் சட்டம் கொள்ளும். 12 வருஷக் கணக்கு ஓட வேண்டுமானால், "இதில் உனக்குப் பங்கில்லை" என்று உங்களுக்குத் தெரியும்படி அவர் மறுத்து, அதன் பிறகும் தொடர்ந்து அனுபவித்திருக்க வேண்டும்.

கவனியுங்கள், அந்த வார்த்தையை அவர் இப்போது சொல்லிவிட்டார். ஆகவே இனி நாள் கடத்தாதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அவர் யாருக்காவது விற்றிருந்தாலும் அவர் பங்குதான் போயிருக்கும், உங்களுடையது போகாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஊருக்குப் போய், பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள். பாகவழக்கில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணை, பிறகு நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் அளவீடு, பிறகு இறுதித் தீர்ப்பாணை என்று வருஷங்கள் ஓடும். அதற்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் முகம் தெரியாமல் வளர்ந்துவிடுகிறார்கள். இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பங்காளிச் சண்டை என்றாலே பாரதத்தைத்தான் சொல்கிறார்கள். நம் பழைய இலக்கியத்தில் வேறு இல்லையா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இருக்கிறது. எனக்குப் பாரதத்தைவிட நெருக்கமானது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. சோழர் குடியில் பிறந்த நெடுங்கிள்ளி உறையூரில் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். அதே குடியில் பிறந்த நலங்கிள்ளி வெளியே முற்றுகை போட்டிருக்கிறான். இருவருக்கும் நடுவில் போய் நிற்கிறார் புலவர் கோவூர் கிழார். உன் எதிரி பனம்பூச் சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியன் இல்லை. உன் தலையிலும் சோழரின் ஆத்திப்பூ, அவன் தலையிலும் ஆத்திப்பூ என்கிறார். "ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே." உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இருவரும் வெல்வது நடக்கிற காரியமும் இல்லை, உங்கள் சண்டையைப் பார்த்து மற்ற அரசர்களுக்குத்தான் உடம்பு பூரிக்கும் என்று முடிக்கிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவே இல்லை. சமாதானம் பேசப் போகிறவர்கள் படிக்க வேண்டிய பாட்டு இது.

165ஆம் பாட்டையும் படியுங்கள். தம்பி இளங்குமணன் நாட்டைப் பறித்துக்கொண்டதால் குமணன் காட்டில் இருக்கிறான். தேடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல், தன் தலையை எடுத்துக்கொள்ளும்படி வாளை நீட்டுகிறான். புலவர் அந்த வாளோடு நேரே தம்பியிடம் போகிறார். நாடு இழந்ததைவிடப் பரிசில் கேட்டு வந்தவன் வாடிப் போவதுதான் உன் அண்ணனுக்கு வேதனை என்று அவனிடமே சொல்கிறார்.

கேள்வி: இரண்டரை ஏக்கரை அண்ணனும் நானும் சரிபாதியாகப் பிரித்துப் பதிவும் செய்துவிட்டோம். கிணறும் ரோட்டுப் பக்கமும் அவருக்கு. பாதை, தண்ணீர் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை. இப்போது வேலி போட்டுவிட்டார். (பெரம்பலூர் வாசகர்)

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதுதான். மண்ணைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிகள் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. பிரிக்க முடியாத கிணற்றிலும் பாதையிலும்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

பாதைக்குச் சட்டம் துணை இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு: கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பங்குக்குப் போக இன்னொருவர் பங்கைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்த வழி அவருக்கு உண்டு. வேறு வழி கிடைத்த நாளில் இது முடிந்துவிடும்.

தண்ணீர் இவ்வளவு சுலபமில்லை. பாகம் பிரிக்கும் முன் அந்தக் கிணறு இருவர் நிலத்துக்கும் பாய்ந்ததையும், ஆழப்படுத்த இருவரும் செலவு செய்ததையும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒருமுறை நீதிமன்ற ஆணையராக இப்படி ஒரு தோட்டத்துக்குப் போனேன். சர்வேயர் அளக்கிறார், அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டின் இரு பக்கமும் நின்று, "அவர்கிட்ட சொல்லுங்க சார்" என்று என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டாருக்குப் பூட்டு. தம்பி வயலில் கடலைச் செடி காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பம் பத்திரம் எழுதிய அன்றைக்கே நான்கு வரி சேர்த்திருந்தால் நான் அங்கே போக வேண்டியே வந்திருக்காது.

டிராக்டர் போகிற பாதை எத்தனை அடி. தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள். தூர் வாரவும் மோட்டார் பழுது பார்க்கவும் யார் எவ்வளவு தருவது. கிணற்றை ஒட்டி யாராவது தனியாக போர்வெல் போடலாமா, கூடாதா? இவற்றை இப்போதும் இருவரும் சேர்ந்து உடன்படிக்கையாக எழுதிப் பதிவு செய்யலாம். அண்ணன் வர மறுத்தால், பாதைக்காகவாவது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணன்கள் பாகம் பிரிக்கிறார்கள். "கையெழுத்து மட்டும் போடு" என்கிறார்கள். கல்யாணத்தில் எனக்கு நகை போட்டாகிவிட்டதாம். (மன்னார்குடி வாசகி)

பதில்: நகை போட்டதால் நிலத்தில் பங்கு போய்விடாது அம்மா. தமிழ்நாடு 1989இலேயே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தித் திருமணமானவர்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ பிரிந்த சொத்தை மறுபடி பிரிக்கச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் இப்போதுதான் பிரிக்கிறார்கள்.

அண்ணன்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நீட்டுகிற தாள் பாகப்பிரிவினையா, விடுதலைப் பத்திரமா என்று பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கு அதோடு முடிந்தது. பத்திர அலுவலகத்துக்குப் போகும் முன்பே நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, சொத்து விவர அட்டவணையில் உள்ள சர்வே எண்கள் வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.