உள்ளாட்சி மன்றம் ஒரு விளையாட்டு வசதியைத் திட்டமிடும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

காலி இடம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து அல்ல, யார் விளையாட வராமல் இருக்கிறார்கள் என்பதிலிருந்து. ஏற்கெனவே விளையாடுபவர்கள் சங்கம் வைத்திருப்பார்கள், மனு கொடுப்பார்கள். வராதவர்களின் குரல் மன்றத்துக்கு எட்டுவதே இல்லை.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1990களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது அதில் தெரிந்தது. திறந்தவெளி முழுவதையும் பையன்கள் பந்தாட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள்: பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதை போட்டார்கள், வாலிபால், பேட்மிண்டன் ஆட வசதி செய்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பையன்களும் போய்விடவில்லை. செலவைவிடக் கவனிப்பே இங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

அளவுகளையும் முன்பே யோசிக்க வேண்டும். முழு கால்பந்து மைதானத்துக்கு வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் வேண்டும். ஃபுட்சாலுக்கும் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் சிறு தளக் கால்பந்து) ஹேண்ட்பாலுக்கும் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) 40க்கு 20 மீட்டர் போதும், ஒரே தளத்தில் இரண்டையும் ஆடலாம். திறந்தவெளி ஆடுகளத்தின் நீளவாட்டம் வடக்கு தெற்காக இருந்தால் காலை, மாலை வெயில் ஆட்டக்காரர் கண்ணில் நேராக அடிக்காது. இதைப் பிறகு மாற்றவே முடியாது.

கழிப்பறை, விளக்கு, குடிநீர் மூன்றும் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெறட்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் யார் பணம் தருவார்கள் என்பது எழுத்தில் வராதவரை ஒப்புதல் தரக்கூடாது. திறப்பு விழாவுக்கு ஆள் கிடைப்பார்கள், ஐந்தாம் ஆண்டு கிழிந்த வலையை மாற்றத்தான் ஆள் இருக்காது.