பத்து லட்ச ரூபாய் அளவில் துடிப்பான சிறிய கார்: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

துடிப்பான சிறிய ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீளாத) கார் வாங்க நினைப்பவர்கள், ஷோரூமுக்குப் போய் ஓட்டிப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானோர் ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), மாருதி ஸ்விஃப்ட் ஆகிய இரண்டைத்தான் மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே பதில்களும் அவற்றை ஒட்டியே அமைகின்றன.

கேள்வி (சேலம்): வணக்கம் ஐயா. ஷோரூமில் பத்து நிமிடம்தான் ஓட்டக் கொடுக்கிறார்கள். அதற்குள் நெடுஞ்சாலைக்குப் போய் நூறு தொட்டுப் பார்த்தால்தானே வண்டியின் பிக்கப் தெரியும்?

பதில்: நூறு தொட்டுப் பார்ப்பதால் உங்களுக்குத் தெரிய வருவது மிகக் குறைவு. இன்று விற்பனையாகும் ஏறக்குறைய எல்லாக் கார்களும் காலியான நான்குவழிச் சாலையில் நூறைத் தொட்டுவிடும். இந்த வகைக் கார்களின் குணம் வெளிப்படுவது 15 கிலோமீட்டருக்கும் 80 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான். காரணம் எஞ்சினில் இருக்கிறது. ஐ20 என் லைனில் இருப்பது 998 சிசி (ஏறத்தாழ ஒரு லிட்டர்) கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. இந்த எஞ்சின் 120 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறனும் 172 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தருகிறது. அந்த டார்க் முழுவதும் 1,500 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) முதல் 4,000 ஆர்பிஎம் வரை கிடைக்கிறது. 1,500க்குக் கீழே டர்போ இன்னும் விழித்திருக்காது. அப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சினைத்தான்.

ஆகவே, முதலில் ஒரு வேகத்தடையைத் தேடுங்கள். இரண்டாவது கியரில் மெதுவாக ஏறி இறங்கி, பின்சக்கரங்களும் இறங்கிய பிறகு, ஆக்சிலரேட்டரை மூன்றில் ஒரு பங்கு மட்டும் அழுத்தி, எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். முதல் நொடியில் வண்டி தயங்கும், முள் 1,500ஐ நெருங்கும்போது இழுவை கூடத் தொடங்கும், பிறகு முதுகு இருக்கையில் அழுந்தும். அந்தத் தயக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதன்பின் வரும் இழுவை படிப்படியாக வருகிறதா, திடீரென்று வருகிறதா என்பதைக் கவனியுங்கள். அடுத்து மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். நகரப் பேருந்தின் பின்னால் போய் அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நீங்கள் செய்யப்போவது இதைத்தான். அந்த இடத்தில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வண்டி கேட்கிறதா, குறைக்காமலே இழுக்கிறதா என்பது தெரிந்துவிட்டால், பத்து நிமிடத்தில் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

கேள்வி (பெங்களூரு): அண்ணா, ஐரோப்பாவில் ஐ20 என் (N) என்று 200 பிஎஸ்ஸுக்கு மேல் திறனுள்ள கார் விற்றதாகப் படித்தேன். இங்கே என் லைன் மட்டும் ஏன்? அது வெறும் ஸ்டிக்கர் வேலைதானா?

பதில்: நீங்கள் சொல்லும் ஐ20 என் காரில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 204 பிஎஸ். அது இந்தியாவில் விற்கப்படவில்லை. இங்கே வரிதான் எஞ்சினின் அளவை முடிவு செய்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். ஐ20யின் நீளம் 3,995 மில்லிமீட்டர் என்பதைப் பார்த்தாலே அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பது புரியும். 1.6 லிட்டர் எஞ்சினை வைத்தால் இந்த விலைக்கு விற்க முடியாது.

ஸ்டிக்கர் வேலை என்று ஒதுக்குவது நியாயமில்லை. சாதாரண ஐ20யை விட என் லைனில் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) இறுக்கமானது, ஸ்டீயரிங்கின் கனம் வேறு, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், எக்ஸாஸ்ட்டின் ஒலியும் மாற்றப்பட்டிருக்கிறது. டர்போ எஞ்சினோடு இந்த வேறுபாட்டுக்கும் சேர்த்துத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள் என்பதால், அதே ஷோரூமில் அதே நாளில் சாதாரண ஐ20யை முதலில் ஓட்டிவிட்டு, உடனே என் லைனில் ஏறுங்கள். ஒரே திருப்பத்தில் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். வேறுபாடு உங்கள் கைக்குத் தெரியவில்லை என்றால், உங்களுக்கு என் லைன் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடலாம். இந்தக் கார்கள் சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகின்றன என்பது நம்மில் பலருக்கும் ஒரு தனி நெருக்கத்தைத் தரும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): எனக்கு வயதான அம்மா இருக்கிறார்கள். முதுகு வலி உண்டு. இந்த மாதிரி காரின் சஸ்பென்ஷன் கடினமாக இருக்கும் என்கிறார்கள். நான் ஆசையை விட்டுவிடுவதா?

பதில்: ஆசையை விட வேண்டாம், அம்மாவை வெள்ளோட்டத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் போய் ஓட்டிவிட்டு, வீட்டில் வந்து நன்றாக இருந்தது என்று சொல்வதுதான் பல குடும்பங்களில் பின்னால் மனத்தாங்கலாக முடிகிறது. அம்மா கதவைத் திறந்து ஏறும்போது தலை குனிய வேண்டியிருக்கிறதா, அமர்ந்தபின் தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா, இறங்கும்போது கையூன்றி எழ வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர்களைப் பின்னிருக்கையில் அமர வைத்து, குண்டும் குழியுமான ஒரு தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். இறுக்கமான சஸ்பென்ஷன் அதிக வேகத்தில் நன்றாகவே இருக்கும். சிறிய பள்ளங்களில் மெதுவாகப் போகும்போதுதான் தூக்கிப் போடும்.

இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று, டயரின் காற்றழுத்தம். ஷோரூமின் டெமோ காரில் அளவுக்கு மேல் காற்று இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கூடுதல் காற்றழுத்தம் நல்ல சஸ்பென்ஷனையும் கட்டை வண்டியாக ஆக்கிவிடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் சரியான அளவு இருக்கும். கிளம்பும் முன் அந்த அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் பகுதி பக்கத்திலேயே இருப்பதால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் சஸ்பென்ஷன் கடினம் என்றோ மென்மை என்றோ தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை.

கேள்வி (மதுரை): ஸ்விஃப்டில் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் வைத்துவிட்டார்கள். திறனும் குறைந்துவிட்டது. இனி அதைத் துடிப்பான கார் என்று சொல்லலாமா?

பதில்: எண்ணிக்கையில் குறைந்தது உண்மைதான். முந்தைய எஞ்சின் 90 பிஎஸ்; 2024 மே மாதம் வந்த புதிய 1.2 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 82 பிஎஸ். டர்போவும் கிடையாது. ஆனால் ஸ்விஃப்டின் எடை சுமார் 920 கிலோதான். எடை குறைந்த வண்டி திரும்புவதிலும் நிற்பதிலும் தருகிற சுகத்தைக் குதிரைத்திறனால் ஈடுசெய்ய முடியாது. என் சொந்தக் கருத்தில், நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஸ்விஃப்ட் போதும். நெடுஞ்சாலையில் லாரிகளைத் தாண்டி அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு டர்போ வேண்டும்.

மூன்று சிலிண்டரின் அதிர்வை நின்ற நிலையில் சோதியுங்கள். ஏசியை முழுமையாகப் போட்டு, சிக்னலில் நிற்பது போல் நியூட்ரலில் வைத்து, ஸ்டீயரிங், கியர் நெம்பு, இருக்கை ஆகியவற்றில் அதிர்வு எவ்வளவு வருகிறது என்று உணருங்கள். பாட்டை நிறுத்திவிடுங்கள். ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது இழுவை எவ்வளவு குறைகிறது என்பதையும் ஏசியைப் போட்டும் அணைத்தும் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் யாரும் ஓட்டப் போவதில்லை.

கேள்வி (சென்னை): எனக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். ஏஎம்டி, டிசிடி இரண்டையும் எப்படி ஒப்பிட்டு ஓட்டிப் பார்ப்பது?

பதில்: ஸ்விஃப்டில் இருப்பது ஏஎம்டி, அதாவது சாதாரண கியர்பெட்டியில் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே மாற்றுகிறது. ஒரே கிளட்ச் என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை ஒரு கணம் அறுபடும். ஐ20 என் லைனில் உள்ள ஏழு வேக டிசிடியில் இரண்டு கிளட்ச்கள் இருப்பதால் அடுத்த கியர் முன்பே தயாராக நிற்கும்; மாற்றம் உடனே நிகழும். ஓடும் வேகத்தில் டிசிடி சிறந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் உங்கள் ஊரில் நாளின் பெரும்பகுதி ஊர்ந்து செல்வதிலேயே போகிறது. ஆகவே டிசிடியை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை மெல்ல விட்டால் வண்டி சீராக நகர்கிறதா, வெட்டி வெட்டி நகர்கிறதா? உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்துக்குக் கீழே கார் நிறுத்துமிடம் இருந்தால், அந்தச் சரிவில் பாதியில் நிறுத்தி மீண்டும் ஏற்றிப் பாருங்கள். பின்னோக்கியும் ஒருமுறை ஏற்றுங்கள். இதற்காகவே வெள்ளோட்ட வண்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது நல்லது. கேட்டால் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். இறுதியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, கியர் குறைந்து இழுவை வரும்வரை எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் முந்தும்போது அந்தக் காத்திருப்பின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): நான் ஓட்டுவதற்காக நான் சம்பாதித்து வாங்கும் கார். ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி என் கணவரிடமே பேசினார். அவரையே ஓட்டச் சொன்னார். எனக்கு ஓட்டக் கிடைத்தது திரும்பி வரும் வழி மட்டும். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது வருத்தம் தருகிறது, இப்படி நடப்பதாக வேறு பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறுமுறை உங்கள் பெயரிலேயே முன்பதிவு செய்து, உங்கள் ஓட்டுநர் உரிமத்தை நீங்களே கொடுத்து, ஓட்டுநர் இருக்கையில் நீங்களே முதலில் அமருங்கள். அங்கே மறுபடியும் அதே அனுபவம் என்றால் வேறு விற்பனையாளரிடம் போவதே சரி. அதே கார் வேறு இடத்திலும் கிடைக்கும்.

உங்களுக்கு முக்கியமானது இருக்கை அமைவு. கிளட்ச்சைத் தரை வரை மிதித்த நிலையில் முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் இருக்கையை விட்டு அகலாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். கால் எட்டுவதற்காக இருக்கையை முன்னே நகர்த்தினால் ஸ்டீயரிங் மார்பை நெருங்கிவிடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகர்த்த வசதி இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். இருக்கையை உயர்த்திய பின் முன்கண்ணாடித் தூண் வலப்பக்கத் திருப்பத்தில் பாதசாரியை மறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இவற்றையெல்லாம் நின்ற வண்டியிலேயே, அவசரமில்லாமல் செய்யலாம். யாரையும் காக்க வைக்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): பிரேக்கையும் டயர் பிடிமானத்தையும் எல்லை வரை சோதிக்க வேண்டும். வால்பாறை மலைப்பாதைக்குக் கொண்டுபோய் ஓட்டக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தும் தேயிலை லாரியும் எதிரே வரும். வரையாடு குறுக்கே நிற்கும். பொதுச்சாலையில் எல்லையைத் தேடுவது மற்றவர் உயிரோடு விளையாடுவது. காரை வாங்கிய பிறகு, உங்கள் ஊரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. தனியார் கார்களை அனுமதிக்கும் நாள் பார்த்து ஓட்டலாம்.

வெள்ளோட்டத்தில் செய்யக்கூடியது இது: உடன் வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி, பின்னால் வண்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நேரான காலிச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும். பெடலின் முதல் பாதியிலேயே பிரேக் சீராகப் பிடிக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை, 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது ஓயாமல் திருத்த வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேள்வி (புதுச்சேரி): பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்க்கும்போது எதைப் பார்க்க?

பதில்: முதலில் எந்த ஆண்டு மாடல் என்று கேளுங்கள். தொடக்கத்தில் வந்தது 105 பிஎஸ் திறனுள்ள 1.2 லிட்டர் எஞ்சினும் ஏழு வேக டிஎஸ்ஜி (டிசிடிக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர்) கியர்பெட்டியும். 2020 முதல் வந்தது 110 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் எஞ்சின். அதன் ஆட்டோமேட்டிக், கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் ஆறு வேக டார்க் கன்வர்ட்டர். 2022இல் போலோ இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இரண்டில் பழைய மாடலில் கவலைக்குரியது, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் டிஎஸ்ஜியும் அதை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற மின்னணுப் பகுதியும். பழுதானால் செலவு பெரிது.

வண்டியைப் பார்க்கப் போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேறொரு நாள் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது நடுக்கம் இருக்கக் கூடாது. சரிவில் ரிவர்ஸ் ஏற்றும்போது தயங்கக் கூடாது. அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்டுங்கள். சில குறைகள் சூடேறிய பிறகே தலைகாட்டும். சர்வீஸ் பதிவு இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ஓட்டும்போது திரையில் காட்டும் மைலேஜை நம்பலாமா?

பதில்: பத்து நிமிட ஓட்டத்தில் அதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே அதே காரை வைத்திருப்பவரிடம், டாங்க் நிரப்பிக் கணக்கிட்ட எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எனக்கு மேனுவல் என் லைன் வேண்டும். இங்கே டெமோவாக டிசிடி மட்டும்தான் இருக்கிறது. எஞ்சின் ஒன்றுதானே, அதை ஓட்டிப் பார்த்து புக் செய்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: எஞ்சின் ஒன்றுதான், ஆனால் நீங்கள் தினமும் பழகப் போவது கிளட்ச்சோடும் கியர் நெம்போடும். இந்தக் காரில் 2021இல் வந்தபோது கையால் கியர் மாற்ற விரும்புவோருக்குக் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டிதான் இருந்தது. 2023 செப்டம்பரில்தான் ஆறு வேக மேனுவல் வந்தது. கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, நெம்பு இரண்டிலிருந்து மூன்றுக்கு இடறாமல் போகிறதா, நெரிசலில் இடது கால் வலிக்கிறதா என்பதையெல்லாம் டிசிடியை ஓட்டி அறிய வழியில்லை. மதுரையிலோ நாகர்கோவிலிலோ மேனுவல் டெமோ இருக்கிறதா என்று அவர்களையே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதை ஓட்டிப் பார்க்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.