ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு 650 வெள்ளியா?

“பின்வாசல் தென்னையை வெட்ட 650 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். ஏறி இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. மரம் ஏறத் தெரியும் என்பதற்காக இப்படிக் கொள்ளையடிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரி இல்லாதிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். நான் அந்த வேலைதான் செய்கிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் வரைக்கும் கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். பெயர், நம்பர் எதுவும் இங்கே போடப்போவதில்லை. போட்டால் விளம்பரம் என்பீர்கள்.

நீங்கள் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வரிசை வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பின்னால் அவ்னிங் கூரை இருக்கும். அதற்கப்பால் லோங்காங் (சாக்கடை), ஒட்டினாற்போல பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்ட்ரோ டிவி தட்டு. தென்னை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். இல்லை, சுற்றிலும் வெறும் புல்தரைதான் என்றால் 650 அதிகம். நானே பாதிக்கு வருவேன். மரத்தை அடியில் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகலாம், ஏறவே வேண்டாம். எங்கள் தொழிலில் மரத்துக்கு விலை கிடையாது. மரத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதற்குத்தான் விலை.

இது தெரியாமல் எல்லாரும் வாட்ஸ்அப்பில் மரத்தின் உச்சியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். நீல வானம், நாலு மட்டை, ஒரு குலை காய். “பிரதர், எவ்வளவு?” அவ்வளவுதான் செய்தி. அடிமரத்தையும் நாலு பக்கமும் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் அதற்குமேல் பதிலே போடுவதில்லை. மீதிப் பேர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பேன். பார்க்கப் போவதற்குக் காசில்லை. பெட்ரோல் என்னுடையது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் கள்ளுக்காக மரம் ஏறியவர். காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவிவிட்டு இறங்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. அந்தக் கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. குடித்து அழிந்த குடும்பங்களை எங்கள் பாட்டி பெயர் பெயராகச் சொல்லுவார். ஆனால் கள்ளின் மேல் இருந்த வெறுப்பு, அதை இறக்கியவன் மேலும் ஒட்டிக்கொண்டது. மரம் ஏறுகிறவன் என்றால் ஒரு மாற்றுக் குறைவு. இன்றைக்கும் நம்மவர்கள் வீட்டில் காப்பி கொடுத்தால் வாசலில் வைத்துத்தான் கொடுப்பார்கள். சீனர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு விசிறியைப் போட்டுவிடுகிறார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. சண்டைக்கு வராதீர்கள்.

அப்பா காலத்தில் ஏறுகிற வேலை போய்விட்டது. அவர் எண்ணெய் தரும் செம்பனையில் குலை வெட்டினார். அது நீளக் கம்பில் அரிவாள் கட்டி நிலத்தில் நின்றுகொண்டே வெட்டுவது. மரம் எட்டாத உயரத்துக்குப் போகிற காலத்தில், சுமார் 25 வருஷத்தில், தோட்டத்தில் மறுநடவு செய்துவிடுவார்கள். அதனால் தோட்டத்துக்கு எங்களைப் போன்றவர்கள் தேவையில்லை. எங்களுக்குச் சோறு போடுவது தாமான்கள், பள்ளிக்கூடங்கள், கடை வரிசைகள், கோயில்கள். கோயில் பற்றி வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டேன். தைப்பூசம் நெருங்கும்போது உடைக்கிற தேங்காய்க்கு விலை ஏறும், அதைக் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். கோபுரத்தின் மேல் சாய்ந்த கிளையை வெட்டுவது மட்டும் தொண்டு.

சரி, உங்கள் தென்னைக்கு வருகிறேன். நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்தது என்ன தெரியுமா?

தென்னையில் கிளை கிடையாது. மாமரம், அங்சானா என்றால் மேலே ஒரு கவட்டையில் கயிற்றைப் போட்டு, வெட்டுகிற கிளையை அதில் தொங்கவிட்டு நிதானமாக இறக்கலாம். தென்னையில் தொங்கவிட நம் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. முதலில் மட்டை, பிறகு காய், பிறகு குருத்தோடு கொண்டை, அப்புறம் தண்டை மேலிருந்து இரண்டடி, மூன்றடித் துண்டாக அறுத்துக்கொண்டே இறங்க வேண்டும். துண்டைக் கட்டும் கயிறு, நான் அறுக்கிற இடத்துக்குக் கீழேதான் மாட்டியிருக்கும். அறுந்த துண்டு என் முகத்துக்கு நேரே சரிந்து, கயிற்றில் விழுந்து இழுக்கும். அந்த இழுப்பில் மரம் முழுக்க ஒரு உதறு உதறும். நான் மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் இருக்க வேண்டும், அடுத்த கட்டு எங்கே என்று பார்க்க வேண்டும். கீழே கயிறு பிடிக்கிற மச்சினன் அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். எவ்வளவு ஓடவிடுவது என்று எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. அதிகம் விட்டால் உங்கள் அவ்னிங் போகும். குறைத்தால் நான் போவேன்.

இடுப்பில் இரண்டு கட்டு. ஒன்றின் உள்ளே கம்பி ஓடும், செயின்சா பட்டாலும் சட்டென்று அறுபடாது. பச்சைத் தென்னைத் தண்டு வெளிப்பக்கம் அவ்வளவு கெட்டி, காலையில் தீட்டிய சங்கிலி மத்தியானத்துக்குள் மழுங்கிவிடும். மழுங்கிய சங்கிலி சீவலாகத் தள்ளாது, மாவாக உதிர்க்கும், புகை வரும். அப்போது இறங்கித்தான் ஆக வேண்டும். இத்தனையும் தாண்டிக் கொண்டையில் என்ன குடியிருக்கும் என்று சொல்ல முடியாது. எலிக்கூடு சகஜம். மாமரத்தில் கெரெங்கா எறும்பு. தெபுவான் குளவிக்கூடு இருந்தால் நான் ஏறவே மாட்டேன், பொதுத் தற்காப்புப் படைக்குச் சொல்லி அதை எடுத்த பிறகுதான் வேலை.

“பட்ட மரம்தானே, பார்த்துக் குறைச்சுக்கோங்க” என்று ஒரு பேரம் எல்லா ஊரிலும் உண்டு. இடி விழுந்து கொண்டை உதிர்ந்த தென்னையில் ஏறுவதைவிட வேறு பிழைப்பு பார்க்கலாம். வெளியே நன்றாக நிற்கும், உள்ளே கூழ். அதற்கு ஆளை மேலே தூக்கும் ஸ்கைலிஃப்ட் வண்டி வேண்டும், அதன் ஒரு நாள் வாடகையே உங்கள் 650-ஐத் தாண்டிவிடும்.

மழை நாளில் வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் ஆனால் இடி கட்டிக்கொண்டு வரும். அதனால் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் மேலிருந்து இறங்கிவிடப் பார்ப்போம். சில விடியலில் சுமாத்ரா பக்கமிருந்து காற்று அடித்துவிட்டுப் போகும். அன்றைக்குப் போன் நிற்காது. எல்லாருக்கும் அவசரம், எல்லாருக்கும் கடன்.

இப்போது மணிக்கணக்குக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர், வயதானவர், நல்ல மனிதர். பின்னால் உயரமான நாட்டுத் தென்னை. வெட்டி, தண்டை லோரியில் ஏற்றி அகற்றுவது வரை 550 என்று பேசினோம். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கீழே வந்து பெல்ட்டைக் கழற்றுமுன் போனைத் திருப்பிக் காட்டுகிறார். “தம்பி, அம்பத்திரண்டு நிமிஷம்.” ஸ்டாப்வாட்ச் போட்டிருக்கிறார்! “அய்யா, இன்னும் லோரி வேலை இருக்கு” என்றேன். “தண்டைக் கொண்டுபோக வேண்டாம், கிடக்கட்டும், 350 வாங்கிக்கோ” என்றார். தண்டு மட்கினால் வண்டு வரும், வாசலில் ஆசையாக வைத்திருக்கிற பண்டான் இளநீர் மரத்துக்கு ஆகாது என்று சொன்னேன். வியாபாரப் பேச்சு என்று நினைத்தார். 350-ஐ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாகான் டத்தோ பக்கத்தில் தென்னை வைத்திருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கிய தண்டிலும் எருக்குழியிலும். புழு அங்கேயே தின்று வளரும். முதிர்ந்த வண்டு பறந்து போய்ப் பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். அது துளைத்த குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டினாற்போல இருக்கும். அந்தக் காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு புகுந்தால் மரம் பிழைப்பது கஷ்டம்.

அடுத்த வருஷம் அவரே கூப்பிட்டார். பண்டான் மரத்தின் ஓலைகளில் அந்த முக்கோணம். பின்னால் கிடந்த தண்டைப் பாராங் கத்தியால் பிளந்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், சுருண்டு கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்து மக்சிக் (மலாய் அம்மா) எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு மாத்தாக் ரகத் தென்னைகளைக் காட்டினார். அங்கேயும் ஆரம்பித்திருந்தது. தண்டு நொறுங்கிப்போனதால் லோரியில் உருட்டி ஏற்ற முடியாது, சாக்கில் அள்ள வேண்டும். 300 கேட்டேன். இந்தத் தடவை நேரம் பார்க்க அவர் போனை எடுக்கவில்லை.

இனி என் செலவு. சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு இருக்கிறது, 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எண் 789. ஆரம்பத்தில் டாக்சி ஓட்டுநர்களுக்கு, பிறகு 2020-இலிருந்து மற்றத் தொழில்களுக்கும். நான் சேர்ந்தபோது ஆகக் குறைந்த திட்டம் வருஷத்துக்கு 157 வெள்ளி 20 காசு. என் தொழிலில் இருக்கிற தம்பிமார்கள் யாராவது படித்தால், தயவுசெய்து கட்டுங்கள். தனியார் காப்புறுதி முகவர்கள் வேலையைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்கள். அப்புறம் லோரி. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே ராத்திரியில் 3.35 ஆனது. என்னிடம் சொந்த லோரி இல்லை, வாடகைக்குத்தான். வாடகை மறுநாளே ஏறியது. கயிறு பிடிக்கிறவனுக்கு நாள்கூலி, குப்பை கொட்டும் இடத்துக்குக் காசு, சங்கிலி, செயின்சாவுக்கு 2டி ஆயில் எல்லாம் போக 650-இல் எனக்கு நிற்பது பாதிக்குக் கீழே. சும்மா சொல்லவில்லை.

ஏன் சொந்த லோரி இல்லை என்கிறீர்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ஒரு டன் லோரிக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு எங்கே, இபிஎஃப் சேமநிதிக் கணக்கு எங்கே என்றார்கள். எஸ்எஸ்எம் தொழில் பதிவு, வங்கிப் புத்தகம், வேலை செய்த படங்கள் எல்லாம் காட்டினேன். வருமானம் நிலையில்லை என்று திருப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து அதே வங்கிக் கிளைக்கு வேலை எடுத்த குத்தகைக்காரர் என்னைக் கூப்பிடுகிறார், வாசல் மரம் பெயர்ப்பலகையை மறைக்கிறதாம். வெட்டிக் கொடுத்தேன். அந்தக் காசு வர இரண்டு மாதம் ஆனது. நிலையில்லாத வருமானம் யாரால் என்று சொல்லுங்கள்!

எல்லா மரம் வெட்டுகிறவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு போனை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் மரத்தில் முள்செருப்போடு ஏறிப் பட்டையைக் குத்திக் கிழித்துவிட்டு, கிளை கழித்தேன் என்று காசு வாங்குகிறவர்களும் உண்டு. 150 வெள்ளிக்கு வருகிற ஆளிடம் இடுப்புக் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விழுவது உங்கள் வளவில். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் யாரையும் ஏற்றாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். முதலில் மின்சார நிறுவனமான டிஎன்பிக்கு 15454-இல் சொல்லுங்கள். பெரிய மரம் என்றால் இன்னொன்று: 172-ஆம் எண் நகர், கிராமத் திட்டச் சட்டத்தில், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று இருக்கிறது. பட்டுப்போனது, ஆபத்தாக நிற்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எதற்கும் மாவட்ட மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் 650 கேட்டவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தண்டையும் மட்டையையும் கொண்டுபோவது அதில் அடக்கமா? அடக்கம் என்றால் கொடுத்துவிடுங்கள், நியாயமான விலைதான். அடக்கம் இல்லை என்றால் பேரம் பேசுங்கள். 450-க்கு இறங்கி வருவார்.