காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பரந்தன்): எனது மகளுக்குத் தொய்வு இருக்கிறது. காலபோக நெல் வெட்டுக் காலத்தில் அறுவடை இயந்திரத்தின் தூசும் வைக்கோல் எரிக்கும் புகையும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. 10 அடிக்கு 12 அடி அளவான அவளது அறைக்கு எவ்வாறான கருவியை வாங்க வேண்டும்?

பதில்: பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் விளம்பர வசனங்களை விட்டுவிட்டு, ‘சீஏடிஆர்’ என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்ணை முதலில் பாருங்கள். அக்கருவி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கன மீற்றர் சுத்தமான காற்றைத் தரும் என்பதை அந்த எண் சொல்கிறது. கூரை 9 அடி உயரமென்றால் உங்கள் அறையில் ஏறத்தாழ 30 கன மீற்றர் காற்று இருக்கும். அதனை மணித்தியாலத்துக்கு 5 தடவை வடிகட்ட வேண்டுமாயின் 150 போதுமானது. ஆனால் இக்கணக்கு, கதவையும் யன்னலையும் சாத்தினால் காற்றுப் புகாத அறைக்கே பொருந்தும். நம்மவர் வீடுகள் பலவற்றில் சுவரின் மேல் விளிம்புக்கும் கூரைத் தகட்டுக்கும் இடையே கை நுழையுமளவு இடைவெளி இருக்கிறது. யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரக் கற்கள் வேறு பதித்திருப்பார்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வைத்தாலும், அது வயலையும் சேர்த்துச் சுத்திகரிக்க முயன்று தோற்றுப்போகும். ஆகவே அந்த ஓர் அறைக்கு மட்டும் சீலிங் அடித்து, துவாரங்களை அறுவடைக் காலத்திலாவது அடைத்துவிட்டு, 250 அளவிலான கருவியொன்றை வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண் உச்ச வேகத்தில் அளக்கப்பட்டது என்பதையும், இரைச்சல் தாங்காமல் இரவில் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பதையும் கருத்திற் கொண்டே பெரியதைச் சொல்கிறேன்.

வடிகட்டி ‘எச்13’ தரத்திலான ஹெப்பாவாக, அதாவது நுண்துகள்களைப் பிடிக்கும் நெருக்கமான இழை வடிகட்டியாக, இருக்கட்டும்; பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவிலுள்ள நுண்துகள்களிலும் 99.95 வீதத்தை அது தடுக்கும். ‘ஹெப்பா போன்றது’, ‘ஹெப்பா வகை’ என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புகை அடங்கியிருக்கும் வேளைகளில் யன்னலைத் திறந்து விடுங்கள், ஏனெனில் மூடிய அறையில் நாம் வெளிவிடும் கரியமில வாயுவை இக்கருவி அகற்றாது. கிளினிக்கில் கொடுத்த இன்ஹேலரை, கருவி வந்துவிட்டது என்பதற்காக ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி (செட்டிகுளம்): மின்செருகியில் நேரடியாகப் பொருத்தும் சிறிய அயன் கருவியொன்று மலிவாகக் கிடைக்கிறது. வடிகட்டியே தேவையில்லை, கிருமிகளையும் கொல்லும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காற்றைச் சுத்திகரிக்கும் பெயரில் விற்கப்படுபவற்றில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இவ்வகைதான். அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற நுண்ணிய துணிக்கைகளை, வெளிவிடும் கருவி தூசுக்கு மின்னேற்றம் கொடுத்து அதனைச் சுவரிலும் பாயிலும் தலையணையிலும் ஒட்ட வைக்கிறதேயன்றி வெளியேற்றுவதில்லை. கூட்டும்போது அத்தூசு மீண்டும் எழும். அதைவிடப் பாரதூரமானது, இவற்றுட் பல ஓசோன் வாயுவையும் உண்டாக்குவதாகும். இடி மின்னலுக்குப் பின்னர் சில வேளைகளில் மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடி ஓசோனுடையது. வானத்தின் மேலடுக்கில் அது நம்மைக் காக்கிறது என்று பாடசாலையில் படித்திருப்போம். படுக்கையறையில் அதுவே நுரையீரலை உறுத்தி, தொய்வுள்ளவர்களுக்கு நோயைத் தூண்டிவிடும். மனிதருக்குத் தீங்கில்லாத அளவில் வைத்திருந்தால் அது கிருமியையோ மணத்தையோ குறிப்பிடத்தக்க அளவு அகற்றுவதில்லை. அகற்றுமளவுக்குக் கூட்டினால் அவ்வறையில் ஆள் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல், 0.050 பீபீஎம் (பத்து இலட்சம் பங்குக் காற்றில் 0.050 பங்கு) அளவுக்கு மேல் ஓசோன் வெளிவிடும் வீட்டுக் கருவிகளின் விற்பனையைத் தடுத்து வருகிறது. நல்ல ஹெப்பா கருவியில் அயன் வசதி கூடுதலாக இணைந்திருந்தால், அதனைத் தனியாக நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): குசினியில் விறகடுப்புப் புகைக்காக ஒன்று வைக்கலாமா?

பதில்: எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்து வடிகட்டி விரைவில் அடைபடும், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு அதனூடாகத் தடையின்றிச் செல்லும். அந்தப் பணத்தில் முறையான புகைபோக்கியுடன் அடுப்பைத் திருத்திக் கட்டுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கனடாவிலுள்ள அண்ணா, தாம் பாவித்த நல்ல கருவியொன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே இயங்குமா?

பதில்: அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்; இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கருவியின் அடியிலோ அதன் அடப்ரரிலோ ‘100–240’ என்று இருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். வெறுமனே 120 என்றிருந்தால் மின்மாற்றி தேவை; அது வோல்றைக் குறைத்தாலும் ஹேர்ட்ஸை மாற்றாது என்பதால் சில மோட்டார்கள் வேகம் குன்றிச் சூடேறும். அதற்குரிய மாற்று வடிகட்டி இங்கே கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். கிடைக்காதென்றால், பொதி அனுப்பும்போது இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்து வைக்குமாறு அண்ணாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): கடலும் காடும் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம், தொழிற்சாலைப் புகை எதுவும் இல்லை. நமக்கும் இது தேவைதானா?

பதில்: வீட்டில் தொய்வுக்காரரோ நெஞ்சு வருத்தமுள்ள முதியவரோ இல்லாவிட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்றே சொல்வேன். ஆயினும் காற்றுக்கு எல்லை கிடையாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியப் பெருநிலத்தின் மாசு நம் பக்கம் வருவதுண்டு. 2022 டிசம்பரில் வடக்கிலும் கொழும்பிலும் வானம் மங்கியதை நினைவிற் கொள்க. நுண்துகள்கள் 24 மணித்தியாலச் சராசரியாகக் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். அத்தகைய நாட்களில் இந்த அளவு எளிதில் மிஞ்சப்படும். அதே வேளை, நுளம்புச் சுருளை மூடிய அறையில் கொளுத்திவிட்டு வெளிக்காற்றைக் குறை சொல்பவர்களையும் பார்க்கிறேன். 2003இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு சுருள் எரிந்து முடிகையில் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவு நுண்துகள்கள் வெளியேறுகின்றன. நுளம்பு வலை அதைவிட மலிவானது.

கேள்வி (கிளிநொச்சி): வடிகட்டியைக் கழுவி மீண்டும் பாவிக்கலாமா? மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

பதில்: முன்னாலிருக்கும் வலைபோன்ற முன்வடிகட்டியைக் கழுவலாம், கிறவல் வீதியோரத்தில் இருப்பவர்கள் கோடையில் வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டிவரும். அதனை நன்கு உலர்த்திய பின்னரே பொருத்துங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். ஹெப்பாவைக் கழுவினால் அதன் நுண்ணிழைகள் கெட்டுப் பயனற்றுப்போகும். கழுவலாம் என்று கையேடு தெளிவாகச் சொன்னாலன்றி அதில் நீர் படக் கூடாது. மணத்தை உறிஞ்சும் கரி வடிகட்டியும் அப்படியே. மணம் மீண்டும் வரத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான். கட்டணத்தைப் பொறுத்தவரை, 40 வாற்று கருவியை இரவு 10 மணித்தியாலம் இயக்கினால் மாதத்துக்கு 12 அலகுகள் செலவாகும். அலகு கூடக்கூட மின்கட்டண வீதமும் படிப்படியாக உயர்வதால், உங்கள் வீட்டுப் பாவனை இப்போது எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று கடைசிப் பற்றுச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.