புரண்டு படுத்தா வீடே சுத்துதா? கழுத்தை விடுங்க, காதைப் பாருங்க

கேள்வி: அக்கா, நாங்க கம்பம் பக்கம். அம்மாவுக்கு 54 வயசு, விடியக்காலை ஜீப்புல மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. ஒரு மாசமா படுக்கையில வலது பக்கம் புரண்டா வீடே சுத்துதுங்கிறாங்க, அசையாம கிடந்தா ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுருது. கழுத்து எலும்பு தேய்மானம்னு காலர் போட்டு விட்டாங்க, மாத்திரையும் போகுது. அம்மாச்சி காதுல எண்ணெய் காய்ச்சி விடச் சொல்றாங்க. ஜீப்புல போறதால வந்ததா?

பதில்: தங்கச்சி, வலது பக்கம் புரண்டா மட்டும் சுத்துது, ஒரு நிமிஷத்துல நின்னுருதுன்னு எழுதுன பாரு, அந்த ஒரு வரி போதும், சந்தேகம் நேரா உள்காது மேலதான் போகுது. இதுக்குப் பேரு பிபிபிவி (BPPV), தலையை அசைக்கும்போது கொஞ்ச நேரம் வந்து போற தலைசுத்தல். தலைசுத்தல்னு வர்றவங்கள்ல ரொம்பப் பேருக்கு இதுதான், ஆனா நம்ம ஊர்ல தலைசுத்தல்னாலே பித்தம், பிரஷர், கழுத்து தேய்மானம்னு மூணுல ஒண்ணைச் சொல்லி அனுப்பிருவாங்க. 54 வயசுல யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்துல கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அதனாலதான் சுத்துதுன்னு அர்த்தமில்ல.

ஒவ்வொரு உள்காதுலயும் அரைவட்டமா மூணு குழாய் இருக்கு, உள்ள நிறைய தண்ணி. சொம்புத் தண்ணியை வச்சுக்கிட்டு சொம்பைச் சட்டுனு திருப்பினா தண்ணி கொஞ்சம் தாமதமாத்தானே திரும்பும், அந்தத் தாமதத்தை வச்சுத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளை கண்டுபிடிக்குது. பக்கத்துலயே ஒரு பையில பொடிப்பொடியா கல்லு ஒட்டியிருக்கும், சுண்ணாம்புக்கல்லுல இருக்கிற அதே கால்சியம் கார்பனேட்தான். வயசாகும்போதோ தலையில அடிபட்டாலோ அதுல கொஞ்சம் கழண்டு குழாய்க்குள்ள விழுந்துரும். அம்மா புரளும்போது கல்லு உருண்டு தண்ணியைத் தள்ளுது, அந்தக் காது மட்டும் தலை சுத்துதுன்னு சொல்லுது, கண்ணும் இன்னொரு காதும் இல்லங்குது, மூளை குழம்பிப் போய் வாந்தி வரைக்கும் கொண்டுபோயிருது. பொம்பளைங்களுக்குத்தான் இது கொஞ்சம் ஜாஸ்தி.

ஜீப் மேல பழி போடாத. லோயர்கேம்ப் தாண்டி வளைவுல குமட்டுறது வேற கதை, கண்ணு ஜீப்புக்குள்ளயே பாத்துக்கிட்டிருக்க காது வளைவை உணருதுல்ல, அந்த முரண்பாடு, இறங்கினா சரியாயிரும். ஆனா ஏலச்சரம் செடியோட தூர்ல தரையை ஒட்டிக் கிடக்கும், குனிஞ்சு குனிஞ்சு எடுத்துட்டு நிமிரும்போது அம்மாவுக்குச் சுத்தலாம். சரியாகுற வரைக்கும் சரிவுல வேலை வேணாம், ஜீப்புக்குப் பின்னாடி தொத்திக்கிட்டு போறது சுத்தமா வேணாம்.

அம்மாச்சி கோவிச்சாலும் எண்ணெய் விடாதீங்க. செவிப்பறையைத் தாண்டி அது உள்காதுக்குப் போகவே போகாது. 1914 நோபல் பரிசு வாங்குன ராபர்ட் பாரானி கவனிச்சதே இதைத்தான், காதுல குளுந்த தண்ணி விட்டாலும் சுத்துது, சூடான தண்ணி விட்டாலும் சுத்துது, அந்தச் சூடும் குளிரும் உள்ள இருக்கிற தண்ணியை நகத்திருது. அதனால எண்ணெய் விட்டா இருக்கிறது பத்தாதுன்னு இன்னும் கொஞ்சம் சுத்தலாம், அவ்ளோதான்.

மாத்திரை வாந்தியை அடக்கும், கல்லை நகத்தாது. மாசக்கணக்கா போட்டா மூளை தானா பழகிக்கிறதும் தள்ளிப்போகும், சில மாத்திரைக்கு வயசானவங்களுக்குக் கைநடுக்கம் கூட வரும். கல்லைக் குழாயை விட்டு வெளிய கொண்டுவர ஒரு பயிற்சி இருக்கு, எப்லின்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1992ல எழுதினது. முதல்ல டாக்டர் தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி மேசைக்கு வெளிய கொஞ்சம் தொங்குற மாதிரி சட்டுனு படுக்க வைப்பாரு, கண்ணு தானா துடிச்சா எந்தக் காதுன்னு தெரிஞ்சிரும். அப்படியே ஒரு நிமிஷம் வச்சிருந்து, தலையை மறுபக்கம் திருப்பி, அப்புறம் உடம்போட புரட்டி மூக்கு தரையைப் பாக்குற மாதிரி வச்சு, மெதுவா உக்கார வைப்பாரு. மொத்தமே அஞ்சு நிமிஷ வேலை, செலவும் இல்ல, ஒண்ணு ரெண்டு தடவையிலேயே முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிருது. யூடியூப் பாத்து நீங்களா முதல் தடவை செய்யாதீங்க, தப்பான காதுக்குச் செஞ்சா பிரயோஜனம் இல்ல, கழுத்துப் பிரச்சனை இருக்குன்னும் டாக்டர்கிட்ட சொல்லிரணும்.

காது அடைப்பு, இரைச்சல், கேக்காம போறதோட மணிக்கணக்குல சுத்தினா அது மெனியர் மாதிரி வேற வியாதி. சளி காய்ச்சலுக்கு அப்புறம் நாள்கணக்குல நிக்காம சுத்தினா உள்காது நரம்பு வீங்கியிருக்கலாம். பேச்சு குளறுது, பார்வை ரெண்டா தெரியுது, ஒரு பக்கம் கை கால் விழுது, நிக்கவே முடியலன்னா யோசிக்காம 108க்கு போன் போடு, அது பக்கவாதமா இருக்கலாம்.

இப்ப நீ செய்ய வேண்டியது, அடுத்த தடவை சுத்தும்போது அம்மா கண்ணைத் திறந்திருக்கச் சொல்லி போன்ல கிட்டக்க வீடியோ எடு. அதை எடுத்துக்கிட்டு தேனி க.விலக்கு பெரியாஸ்பத்திரில காது மூக்கு தொண்டை ஓபிக்கு நீயும் கூடப் போ, "புரண்டா சுத்துது, படுக்க வச்சுப் பாருங்க சார்"னு வாயத் திறந்து கேளு. காலையில லேசா சாப்பிட்டுக் கூட்டிட்டுப் போ, அந்தப் பயிற்சியில வாந்தி வரலாம், ஒரு கவர் கையில இருக்கட்டும்.