பையனுக்கு ஏ.டி.எச்.டி பரிசோதனை: எஸ்ஐபியை நிறுத்தலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 62,000 ரூபாய் வருகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ஏ.டி.எச்.டி (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்கிறார் வகுப்பு டீச்சர். தனியார் மையம் ஒன்றில் பரிசோதனை, 20 தெரபி வகுப்புகள் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் பேக்கேஜ் என்றார்கள். மாமியாரோ, "ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான்" என்கிறார். இப்போதே டியூஷனுக்கு மாதம் 3,500 போகிறது. அவன் பெயரில் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் 5,000 ரூபாய் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு பேக்கேஜில் சேரலாமா?

பதில்: பரிசோதனை செய்யுங்கள். எஸ்ஐபி ஓடட்டும். பேக்கேஜ் வேண்டாம்.

பையனுக்கு என்னவென்றே தெரியாதபோது 20 வகுப்புக்கு எதற்கு முன்பணம்? ஒருவேளை அவனுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், கரும்பலகை மங்கலாகத் தெரியலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

ஏ.டி.எச்.டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடமும் டீச்சரிடமும் விவரமாகக் கேட்டு, குழந்தையைப் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்வார்கள். அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அதனால் டீச்சர் சொன்னது மட்டும் போதாது, மாமியார் சொன்னதும் போதாது. டீச்சர் கவனித்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத வேலை, மருத்துவருக்கு மிகவும் உதவும்.

அடுத்து, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு அதில் பார்க்கும் குறைபாடுகளில் ஏ.டி.எச்.டியும் உண்டு. ஒரு நாள் லீவும் பஸ் காசும் ஆகும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அது முடியாதென்றால் தனியாரிடம் பரிசோதனைக்கு மட்டும் தனி பில் கேளுங்கள்.

உண்மையான செலவு அதற்கப்புறம்தான். ஏ.டி.எச்.டி என்று உறுதியானால் மாதாமாதம் மருத்துவர், தெரபி, ஒருவேளை மருந்து என்று போகும். டியூஷன் வருடத்துக்கு 42,000 ரூபாய். ஒரே இடத்தில் உட்கார முடியாத பிள்ளையை இன்னொரு மணி நேரம் உட்கார வைக்க இவ்வளவு கொடுக்கிறீர்கள்! மாதச் செலவுக்கு முதலில் கைவைக்க வேண்டியது அந்த 3,500-இல்தான்.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக காப்பீடு தர வேண்டும்தான். ஆனால் வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், பரிசோதனையும் தெரபியும் புறநோயாளி கணக்கு. உங்கள் குடும்ப பாலிசியில் பையன் பெயர் இல்லையென்றால் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் கேட்பதற்கெல்லாம் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பின்னால் வேறு எதற்கோ கிளெய்ம் கேட்கும்போதும் அதைக் காட்டி மறுக்கலாம்.