பள்ளிக் கட்டணம் யாருடைய கடன்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். என்னோடு ஒரே அணியில் இருக்கும் யூத நண்பர் ஒருவர் டீனெக் பக்கம் குடியிருக்கிறார். கணவன் மனைவி இருவருக்கும் நல்ல வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரும். ஆனாலும் நான்கு பிள்ளைகளுக்கும் யூதப் பள்ளியில் கட்டணம் கட்ட முடியவில்லை என்று சலுகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். மூத்தவனை அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டுப் பக்கத்திலேயே கட்டணமில்லாத நல்ல அரசுப் பள்ளி இருக்கிறது. நாம் வார இறுதியில் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதுபோல அவர்களும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பினால் போதாதா? யூதர்கள் வசதியான சமூகம்தானே? இது அவர்களாக விரும்பி ஏற்றுக்கொண்ட செலவு இல்லையா? அவரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்,

நீங்கள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. இதே கேள்வியை அந்தச் சமூகத்துக்குள்ளேயே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் உங்கள் நண்பரின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அவர் இருக்கும் பெர்கன் கவுன்டியில் யூதத் தொடக்கப்பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டி ஆகும். உயர்நிலைப் பள்ளிக்கு 30,000-ஐத் தாண்டும். நான்கு பிள்ளைகளுக்கு 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லட்சத்தில் மத்திய வரி, மாநில வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் 1,80,000. அதில் பாதி பள்ளிக்குப் போய்விடுகிறது. மீதியில்தான் வீட்டுக் கடன், மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம். அந்த வீட்டையும் அவரால் விலை மலிவான இடமாகப் பார்த்து வாங்க முடியாது. மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் சப்பாத் எனும் வார ஓய்வு நாளில் வண்டி ஓட்டமாட்டார்கள், எனவே சினகாக் எனும் தொழுகைக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வீடு வேண்டும். எல்லோருக்கும் அதே நாலு தெருக்களில் வீடு வேண்டும் என்றால் விலை என்ன ஆகும்? அவர்கள் மத விதிப்படி தயாராகும் கோஷர் இறைச்சியும் சாதாரண இறைச்சியைவிட நல்ல விலை. இதற்கெல்லாம் மேல், அரசுப் பள்ளியை நடத்தும் சொத்து வரியையும் அவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பிள்ளைகள் ஒரு நாளும் உட்காராத வகுப்பறைகளுக்கு.

இனி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அமெரிக்க யூதர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நண்பர் தன் மகனுக்குக் கொடுக்க நினைப்பது அந்த வகுப்பில் கிடைக்காது. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் எபிரேயமும் அராமிக்கும் கலந்த மூல விவாதம். ஒரு பக்கத்தில் பதினோராம் நூற்றாண்டு பிரெஞ்சு உரையாசிரியர் ராஷியின் உரை. மறுபக்கத்தில் அவருக்குப் பின் வந்தவர்கள் அவரோடு மல்லுக்கட்டும் உரை. முற்றுப்புள்ளி கிடையாது, உயிர்க்குறிகள் கிடையாது. எங்கே கேள்வி முடிகிறது, எங்கே பதில் தொடங்குகிறது என்பதைப் படிப்பவனே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பையன் பதின்மூன்று வயதில் அந்தப் பக்கத்துக்குள் தானாக நுழைய வேண்டுமென்றால், சிறு வயதிலிருந்து தினமும் பல மணி நேரம் பழகியிருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பள்ளிகளில் ஒரு பாதி நாள் யூத வேதமான தோராவும் தல்மூத்தும், இன்னொரு பாதி கணக்கு, அறிவியல், ஆங்கிலம். காலை எட்டு மணிக்குப் போகும் பிள்ளை மாலை ஐந்துக்கு வரும். இரண்டு பாடத்திட்டம் என்றால் இரண்டு வகை ஆசிரியர்கள். பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். 2018-இல் பிட்ஸ்பர்க் சினகாகில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வாசலில் காவலர் செலவும் கூடிக்கொண்டே போகிறது.

நம் தமிழ்ப்பள்ளியோடு ஒப்பிட்டீர்கள். உங்கள் பிள்ளை அங்கே தமிழை அரைகுறையாகக் கற்றாலும், அந்த மொழியைப் பேசிக்கொண்டு இங்கே கோடிக்கணக்கில் ஆட்கள் இருக்கிறோம். விடுமுறைக்குக் கூட்டி வந்து பாட்டியிடம் விட்டால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் நண்பரின் மகனுக்கு அப்படி ஒரு பாட்டி ஊர் இல்லை. அவருடைய முன்னோர்கள் போலந்திலிருந்தோ லித்துவேனியாவிலிருந்தோ வந்திருந்தால், அந்த ஊர்களின் யூதத் தெருக்கள் 1940-களிலேயே நாஜிகளால் அழிக்கப்பட்டுவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வந்து இறங்கிய யூதர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை ஆசையோடு அரசுப் பள்ளிக்கு அனுப்பியவர்கள்தான். முழுநேர யூதப் பள்ளிகள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. 1944-இல் தோரா உமெசோரா என்ற அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளி கட்டினார்கள். ஐரோப்பாவில் யெஷிவா எனும் தல்மூத் பள்ளிகள் அழிந்துகொண்டிருந்த ஆண்டு அது. 2018–19 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 906 யூதப் பள்ளிகள், ஏறத்தாழ 2,92,000 பிள்ளைகள். மிகப் பெரும்பான்மையோர் ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகள். இதை வெறும் விருப்பச் செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பிள்ளைக்குத் தோரா கற்றுக்கொடுப்பது கட்டளை.

வசதியான சமூகம் என்பது பாதி உண்மை. நியூயார்க் மாநிலத்தில் கிரியாஸ் ஜோயல் என்று, ஆர்த்தடாக்ஸிலேயே மிகக் கட்டுப்பாடான ஹசிடிக் பிரிவினரின் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான ஊர்களின் வரிசையில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஹசிடிக் பள்ளிகளில் கட்டணம் குறைவு, ஆசிரியர் சம்பளமும் குறைவு. அந்தக் கதை தனி. உங்கள் நண்பர் போன்ற நடுத்தரக் குடும்பத்தின் சங்கடம் வேறு விதமானது. பெரும் பணக்காரர் முழுக் கட்டணம் கட்டி, மேலே நன்கொடையும் கொடுப்பார். உண்மையிலேயே இல்லாதவருக்குப் பள்ளி விட்டுக்கொடுக்கும். நடுவில் இருப்பவர் முழுசாகக் கட்டவும் முடியாது, கை நீட்டவும் கூசும். நீட்டினாலும், "இவ்வளவு சம்பாதிக்கிறவருக்கா?" என்ற பார்வை.

சலுகை விண்ணப்பப் படிவம் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் சிநேகிதர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணவனும் மனைவியுமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, வீட்டுக் கடன் பாக்கி என்பதெல்லாம் சரி, எந்தக் கடன் விண்ணப்பத்திலும் கேட்பார்கள். அப்புறம் வந்தன மற்ற கேள்விகள். கார் எந்த ஆண்டு மாடல், மாதத் தவணை எவ்வளவு? கடந்த ஆண்டு விடுமுறைக்கு எங்கே போனீர்கள், யார் பணம் கொடுத்தார்கள்? கோடை முகாமுக்கு எவ்வளவு? வீட்டு வேலைக்கு ஆள் உண்டா? தாத்தா பாட்டியிடமிருந்து உதவி வருகிறதா? அந்த அம்மா அந்தக் கடைசிக் கேள்வியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தன் அப்பாவின் ஓய்வூதியத்தைப் பற்றி எழுத அவருக்கு மனசு வரவில்லை. இந்தப் படிவத்தைப் படிக்கும் குழுவில் இருப்பவர்கள் சில பள்ளிகளில் அதே சினகாகில் பக்கத்து இருக்கையில் உட்காருபவர்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நாலாவது பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் உண்டு. பிள்ளைப்பேற்றை ஆசீர்வாதமாக எண்ணும் ஒரு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய துயரம் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சுமையைத் தாய் தகப்பன் தலையில் மட்டும் வைத்தது அவர்களுடைய பழைய முறைக்கே பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். தல்மூத்தில் பாபா பத்ரா என்ற பகுதியில் இது வருகிறது. ஆதியில் அப்பா உள்ள பிள்ளைக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார், அப்பா இல்லாத பிள்ளை படிக்காமல் போனான். எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்திப் பார்த்தார்கள். அங்கேயும் அழைத்துப் போக அப்பா இருந்த பிள்ளைதான் போனான். கடைசியில் யெகோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியரை வைக்க வேண்டும், ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நாற்பது ஆனால் ஓர் உதவியாளர், அந்த உதவியாளருக்கு ஊர் பொறுப்பு என்று அதே பக்கம் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் கடுமையாக எழுதினார்: ஆசிரியர் இல்லாத ஊரை, ஆசிரியரை அமர்த்தும்வரை விலக்கி வைக்க வேண்டும். ஊரை! பிள்ளை பெற்றவர்களை மட்டும் அல்ல.

அமெரிக்காவில் அந்த ஊர் என்பது யார்? அரசு இல்லை. மதப் பள்ளிக்கு அரசுப் பணம் போவதற்கு அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நெடுங்காலம் தடையாக நின்றது. ஆனாலும் மதப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவைத் தரலாம் என்று 1947-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எவர்சன் வழக்கு உங்கள் நியூ ஜெர்சியில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தம்பதி, கட்டணத்தில் 55 சதவீதம் மதக் கல்விக்கான பங்கு, அதை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று நீதிமன்றம் போய் 2002-இலும் 2008-இலும் தோற்றார்கள். பிரிட்டனில் நிலைமை வேறு. லண்டனின் ஜே.எஃப்.எஸ். 1732-இல் தொடங்கிய யூதப் பள்ளி. இன்று அது அரசுச் செலவில் நடக்கிறது, யூதப் பாடங்களுக்கு மட்டும் பெற்றோரிடம் விருப்பப் பங்களிப்பு கேட்கிறார்கள். கனடாவில் கியூபெக் மாநிலம் தனியார் பள்ளிகளுக்குப் பகுதி உதவி தருகிறது. பக்கத்து ஒன்டாரியோ கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு முழுச் செலவையும் தந்துவிட்டு யூதப் பள்ளிகளுக்குக் காசு தருவதில்லை. 1996-இல் கனடா உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது.

ஃபுளோரிடா 2023-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி உதவித்தொகையைத் திறந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குச் சுமார் 8,000 டாலர். உங்கள் நண்பருக்கு அது கிடைத்தால் 32,000 டாலர் மிச்சம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரசுப் பள்ளியை நம்பியே இருக்கும் பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், அந்தப் பானையிலிருந்து எடுத்துத்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க யூத அமைப்புகளிலும் இதில் இரண்டு தரப்பு நெடுநாளாக உண்டு. அதே ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரில் 2007-இல் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும், கட்டணமில்லாத ஒரு சார்ட்டர் பள்ளியைத் திறந்து பென் கம்லா என்றே பெயரிட்டார்கள். அங்கே எபிரேய மொழி கற்கலாம். அரசுப் பணம் என்பதால் வேதம் கற்பிக்கக் கூடாது.

எனக்கு நம்பிக்கை தருபவை வேறு இரண்டு ஊர்கள். டாரண்டோவில் டானன்பாம் சாட் உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் 28,000 கனடிய டாலரை நெருங்கி, பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். 2017-இல் அறக்கட்டளைகள் பெரும் நன்கொடை தர, கட்டணத்தை 18,500 ஆகக் குறைத்தார்கள். ஒரு வளாகத்தை மூடவும் வேண்டியிருந்தது. அதன்பின் புதிய சேர்க்கை ஏறியது. ஆசை இல்லாமல் யாரும் விலகிப் போகவில்லை, விலைதான் விரட்டியது என்பது அதிலிருந்து தெரிந்தது. இன்னொன்று சியாட்டில். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த சாம் இஸ்ரேல் என்ற செருப்புத் தொழிலாளி, இரண்டாம் உலகப் போரில் ராணுவ பூட்ஸ்களைச் செப்பனிட்டுச் சேர்த்த காசில் நகரின் பழைய கட்டடங்களை வாங்கிப் போட்டார். எளிமையாக வாழ்ந்து 1994-இல் இறந்தார். அந்தச் சொத்தின் வருமானம் இன்றும் சாமிஸ் அறக்கட்டளை வழியாக வாஷிங்டன் மாநில யூதப் பள்ளிகளுக்குப் போகிறது.

ஆனால் ஊருக்கு ஒரு சாம் இஸ்ரேல் கிடைக்கமாட்டார். பிள்ளைகள் படிக்கும் அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகள் மட்டும் ஒரு குடும்பத்தைப் பிழிந்துவிட்டு, கடைசிப் பிள்ளை படித்து முடித்த மறுநாள் விட்டுவிடுவது சரியில்லை. படித்து வெளியே போனவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் என்று சினகாகின் எல்லா உறுப்பினரும் ஆயுள் முழுக்க ஒரு சிறு பங்கைப் பள்ளிக்குத் தர வேண்டும். பெர்கன் கவுன்டியிலேயே 2009-இல் இப்படி ஒரு பொது நிதியைத் தொடங்கினார்கள். தேவையைப் பார்க்கும்போது அதில் சேர்ந்தது சிறு தொகைதான். இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும் என்பேன். பள்ளி அங்கே இருப்பதால்தான் இளம் குடும்பங்கள் அந்தத் தெருக்களுக்கு வருகின்றன, அதனால்தான் முதியவர்களின் சினகாகில் தொழுகைக்கு ஆள் இருக்கிறது, அவர்கள் வீட்டுக்கும் விலை இருக்கிறது.

உங்கள் நண்பரிடம் "அரசுப் பள்ளியும் நல்ல பள்ளிதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவருக்கே தெரியும். சலுகைக் குழுவின் முதல் முடிவோடு நின்றுவிட்டாரா என்று கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் மறுபரிசீலனை கேட்கலாம். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு மொத்தக் கட்டணம் வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டாது என்று வரம்பு வைக்கும் திட்டம் பல பள்ளிகளில் வந்திருக்கிறது. அது தனக்கு இல்லை என்று தானே முடிவுகட்டிக்கொண்டு விண்ணப்பிக்காதவர்களும் உண்டு. 2025-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, கல்வி உதவி நிதிகளுக்கு நன்கொடை தருபவர்களுக்கு 2027 முதல் 1,700 டாலர்வரை வரியில் கழிவு உண்டு, மாநிலம் அதில் சேர்ந்தால். நியூ ஜெர்சியின் தலைநகர் ட்ரென்டனில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று அவர் கவனிக்கட்டும். படிவம் நிரப்பும் இரவு அவர் கூப்பிட்டால் போய்க் கூட உட்காருங்கள்.

அன்புடன்